தனுஷ்கோடி லைன ஒரே நாள்ல தேடிப் பாக்குறது எப்படி (ராமேஸ்வரத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க)

தனுஷ்கோடிக்குப் போற ஆளுங்கள்ல முக்காவாசிப் பேரு ராமேஸ்வரத்துல சாமி கும்பிட்டு முடிச்சு, ஒரு ஆட்டோவோ வேனோ பேசி, நேரா அரிச்சல்முனை போயி ஒரு செல்ஃபி, திரும்பி வர்ற வழியில இடிஞ்ச சர்ச் முன்னாடி இன்னொன்னு, அவ்ளோதான் ட்ரிப். நடுவுல யாராச்சும் ஒருத்தர் "இங்க ரயில் ஓடுச்சாமே, தண்டவாளம் எங்கக்கா?"ன்னு சங்கு விக்கிற அக்காகிட்ட கேப்பாரு, அந்த அக்கா கடல் பக்கமா கைய நீட்டிட்டு அடுத்த கஸ்டமரப் பாக்கப் போயிரும். நானும் மொத தடவை அப்படித்தான் போனேன், மே மாசம், உச்சி வெயில்ல, தண்ணி பாட்டில் கூட இல்லாம. ஒரு செவத்தப் பாத்து இதுதான் ஸ்டேஷன்னு அரை மணி நேரம் போட்டோவா எடுத்துத் தள்ளுனேன். வீட்டுக்கு வந்து காட்டுனா எங்க பெரியப்பா "டேய், அது ஏதோ வீட்டு அடுப்படிடா"ன்னு சிரிச்சாரு.

அதுக்கப்புறம் பல தடவை போயி, பெருசுங்ககிட்ட கேட்டு, பழைய மேப்பெல்லாம் தேடி, 1964 புயல்ல அழிஞ்சு போன அந்த ரயில் லைனத் தேடிப் பாக்க இப்ப ஓரளவு ஒரு வழி புடிபட்டிருக்கு, அதத்தான் இங்க எழுதுறேன். எங்க சைடு ஊரு உச்சிப்புளிக்குப் பக்கம், அதனால பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கத்து ஆளோட பார்வையாத்தான் இது இருக்கும், தீவுக்காரங்க கோவிச்சுக்காதீங்க.

மொதல்ல ஒரே ஒரு விஷயத்த மண்டையில ஏத்திக்கங்க, மத்ததெல்லாம் தன்னால புரிஞ்சிரும். அந்தக் காலத்துல மெயின் லைன் தனுஷ்கோடி, ராமேஸ்வரம்தான் கிளை. நாம இப்ப ராமேஸ்வரம் டெர்மினஸ், அதுக்கும் அங்கிட்டு எங்கயோ தனுஷ்கோடின்னு நெனச்சுக்கிட்டுத் தேடுறதாலதான் எதுவுமே கண்ணுல படமாட்டேங்குது. லைன் பிரிஞ்சது பாம்பன்ல. பாம்பன் ஜங்ஷன்ல இருந்து ஒரு லைன் ராமேஸ்வரத்துக்கு சுமாரா 10 கிலோமீட்டர், இன்னொன்னு தனுஷ்கோடிக்கு சுமாரா 24 கிலோமீட்டர். மெட்ராஸ்ல இருந்து வர்ற போட் மெயில் ராமேஸ்வரம் ஊருக்குள்ள போகவே போகாது, பாம்பன்ல இருந்து அப்படியே தென்கிழக்கா ஒதுங்கி தனுஷ்கோடி துறைமுகத்துக்குப் போயிரும், அங்க கப்பல் நிக்கும், கப்பல் ஏறுனா தலைமன்னார், அங்கிட்டு இன்னொரு ரயிலு, கொழும்பு கோட்டை. எழும்பூர்ல எடுத்த ஒரே டிக்கெட் கொழும்பு வரைக்கும் செல்லும். கோயிலுக்குப் போட்ட லைன்னு நெனச்சீங்கன்னா தப்பு, சிலோனுக்குப் போட்ட லைன் அது, கோயிலுக்கு ஒரு கிளைய ஒட்ட வச்சிருந்தாங்க.

வீட்டுல இருந்தே செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கு. போன்ல சாட்டிலைட் மேப்ப தெறந்து பாம்பன் ஸ்டேஷன நல்லா ஜூம் பண்ணுங்க, அங்க இருந்து கெழக்கயும் தென்கிழக்கயும் மெதுவா நகத்திக்கிட்டே வாங்க. ரயில் லைன் சட்டுன்னு திரும்பாது, அதுக்குன்னு ஒரு வளைவு இருக்கு, ஒத்தையடிப் பாதை மாதிரி கோணக்கோண ஓடாது, தோப்புக்குள்ளயும் கருவேலங்காட்டுக்குள்ளயும் ஒரு கோடு விடாம ஒரே சீரா வளைஞ்சு போச்சுன்னா அதப் பென்சில்ல குறிச்சு வச்சுக்கங்க. அப்புறம் அமெரிக்க ராணுவம் 1950கள்ல போட்ட இந்தியா மேப் வரிசை ஒன்னு நெட்ல ஃப்ரீயாவே கெடக்கு, இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா நீங்க குறிச்ச கோடு சரியா தப்பான்னு தெரிஞ்சிரும். இன்னும் ஆழமாப் போகணும்னா சென்னை எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பக்கத்துலயே கன்னிமாரா நூலகம், ரெண்டுலயும் பழைய கெஸட்டியர் (மாவட்ட விவரப் புத்தகம்), சவுத் இண்டியன் ரயில்வே டைம்டேபிள், வழிகாட்டி மாதிரி சமாச்சாரங்களக் கேட்டுப் பாக்கலாம். தேடும்போது "சதர்ன் ரயில்வே"ன்னு மட்டும் தேடாதீங்க, அந்தப் பேரு 1951ல தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாமே சவுத் இண்டியன் ரயில்வே, தலைமையிடம் திருச்சி. இது தெரியாம நான் ஒரு ஆபீஸ்ல ஒரு மாசம் அலஞ்சேன், ஒவ்வொரு டேபிளா தள்ளி விட்டாங்க, கடைசில ஒரு ரிட்டயர்ட் ஆளு வெளிய டீக்கடையில வச்சுத்தான் "தம்பி, நீ பேர மாத்தித் தேடுறியே"ன்னு சொன்னாரு.

சரி, கெளம்புற நாள். ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள போயிட்டா நல்லது. ஐப்பசி கார்த்திகைல கடல் சும்மா இருக்காது, ஆனி ஆடியில காத்து மணல அள்ளி மூஞ்சில அடிக்கும், மே மாசத்தப் பத்தித்தான் மேலயே சொல்லிட்டேன். வெள்ளனே கெளம்பி மண்டபத்துல எறங்கிருங்க, ராமேஸ்வரம் வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தாலும் பரவால்ல, எறங்குங்க.

மண்டபத்துல ஏன் எறங்கணும்னா இந்தக் கதையோட மொத அத்தியாயம் அங்கதான் இருக்கு. மதுரையில இருந்து மண்டபம் வரைக்கும் லைன் வந்தது 1902. அப்ப பாலம் கெடையாது, கடலத் தாண்டணும்னா தோணிதான். அதுக்கும் முன்னாடி "போட் மெயில்"னு சொன்னா அது தூத்துக்குடி போற ரயிலு, அங்க இருந்து கொழும்புக்குக் கப்பல், கடல்லயே ஒரு ராத்திரி பூரா போகணும். இந்தப் பக்கம் பாம்பன் வழியாப் போனா தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல சுமாரா 35 கிலோமீட்டர் தண்ணிதான், ரெண்டு மூணு மணி நேரத்துல அக்கரை. இம்புட்டுப் பக்கத்துல ஒரு கரை இருக்கறப்ப எவன் தூத்துக்குடிய சுத்திக்கிட்டுப் போவான், அதான் இவ்ளோ செலவு பண்ணிப் பாலம் கட்டுனாங்க.

அந்தத் தண்ணியத் தாண்டுனதுல வெள்ளைக்காரத் துரையும் கோட்டு போட்ட வக்கீலும் ஒரு பங்குதான். பெரும்பங்கு, தோட்ட வேலைக்கு ஆள் சேக்குற கங்காணி கூட்டிட்டுப் போன நம்ம சனம், தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலியாளுங்க. மண்டபம் கேம்ப்புன்னு இன்னைக்கும் ஒரு ஸ்டேஷன் பேரு இருக்குல்ல, அந்தக் கேம்ப்ப நடத்துனது சிலோன் சர்க்கார். காலரா, பிளேக் எதுவும் ஒட்டிக்கிட்டு வரக்கூடாதுன்னு ஆளுங்கள அங்க பல நாள் அடச்சு வச்சு, பரிசோதிச்சு, அப்புறமாத்தான் ரயில்ல ஏத்துவாங்க. பின்னால இலங்கையில இருந்து வந்த அகதிகளுக்கும் அதே எடந்தான் முகாம் ஆச்சு. உள்ள போயி போட்டோ எடுக்கறேன்னு நிக்காதீங்க, அங்க சனம் குடியிருக்கு, ரோட்டுல நின்னு பாத்துட்டு நகந்துருங்க.

அடுத்து பாலம். இதப் பத்தி எழுதாத ஆளே இல்ல, அதனால பாக்க வேண்டியத மட்டும் சொல்றேன். 1911ல வேலைய ஆரம்பிச்சு 1914 பிப்ரவரி 24 தெறந்தாங்க, நீளம் சுமாரா 2 கிலோமீட்டர், 145 கண்ணு, அது போக நடுவுல கப்பலுக்கு வழி விடுற தூக்குப் பாலம், ஷெர்ஸர்னு ஒரு டிசைன். ரெண்டு கதவு மாதிரி நடுவுல பிரிஞ்சு ரெண்டு பக்கமும் மேல ஏறும், ஆளுங்க பல்சக்கரத்தச் சுத்தித்தான் தூக்குவாங்க, மோட்டார் கீட்டார் கெடையாது. பக்கத்துல புதுசாக் கட்டுன பாலம் 2025 ஏப்ரல் 6 தெறந்தது, அதுல நடுக்கண்ணு 72.5 மீட்டர், கதவு மாதிரி பிரியாம லிஃப்ட் மாதிரி நேரா 17 மீட்டர் மேல போகும். பழைய பாலத்துல ரயில நிறுத்துனது 2022 டிசம்பர் 23. இந்த டிசம்பர் 23ங்கிற தேதிய ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வரும். பழசப் பிரிச்சு எடுக்குறதா முடிவு பண்ணிட்டாங்க, அதனால இந்தப் பகுதிய மட்டும் தள்ளிப் போடாதீங்க.

ரோட்டுப் பாலத்து மேல இருந்து (அது 1988ல வந்தது, அதுவரைக்கும் தீவுக்கு வண்டியில போகவே வழி இல்ல, ரயில விட்டா தோணி) பாக்கறப்ப எல்லாரும் தூக்குப் பாலத்தையே போட்டோ எடுப்பாங்க. நீங்க தண்ணிக்குள்ள நிக்கிற தூண்களப் பாருங்க. 1964 புயல்ல 145 கர்டர்ல (தூணுக்குத் தூண் கெடக்குற இரும்பு உத்தரம்) 126 கடலுக்குள்ள போயிருச்சு, தூக்குப் பாலம் மட்டும் அசையாம நின்னுச்சு. அத 46 நாள்ல மறுபடி ஓட வச்சது ஈ. ஸ்ரீதரன், பின்னால டெல்லி மெட்ரோ கட்டுன அதே ஸ்ரீதரன்தான். புதுசா கர்டர் செஞ்சு வர்ற வரைக்கும் காத்திருந்தா மாசக்கணக்காகியிருக்கும், கடலுக்குள்ள கெடந்ததையே தேடிக் கண்டுபிடிச்சு தூக்கி மாட்டுனாங்க, எங்க கெடக்குன்னு காட்டுனதுல மீன்புடிக்கிற நம்மாளுங்களுக்குப் பங்கு உண்டு. சில பேரு பாலத்தையே அவருதான் கட்டுனாருன்னு ஃபார்வர்ட் பண்றாங்க, அப்பாவி ஸ்ரீதரன், பாலம் தெறந்தப்ப அவரு பொறக்கவே இல்ல. இன்னொன்னு, பாலத்து மேல வண்டிய நடுவுல நிறுத்தாதீங்க, ஃபைன் ஒரு பக்கம், காத்துல பைக்கு ஆடுற ஆட்டம் இன்னொரு பக்கம். காத்து மணிக்கு 58 கிலோமீட்டரத் தாண்டுனா பழைய பாலத்துல ரயில் ஓடுன காலத்துல ரயிலுக்கே சிக்னல் விழாது, நாம எம்மாத்திரம்.

பாம்பன் ஸ்டேஷன். இங்கதான் ஆட்டமே. கிளைய விட்டுட்டு மெயின் எங்க போச்சுன்னு பாக்கணும். ஸ்டேஷனுக்குக் கெழக்க நின்னு, இப்ப இருக்குற ராமேஸ்வரம் லைனுக்கு வலது கைப் பக்கம் பாருங்க, லைன் பிரியுறதுக்கு எவ்ளோ எடம் வேணுமோ அவ்ளோ எடம் இருக்கும். ஒரு சின்ன ஊரு ஸ்டேஷனுக்கு இவ்ளோ எடம் எதுக்குன்னு கேட்டுக்கங்க, பதில் வந்துரும். தண்டவாளத்து மேல ஏறி நடக்காதீங்க, இது ஓடுற லைன், ரயில்வே போலீஸ் கேக்குற கேள்விக்கு "வரலாறு பாக்குறேன்"னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அனுபவம்.

அங்கிட்டு இருந்து தனுஷ்கோடி வரைக்கும் முழுசா நடக்க முடியாது, நடக்கவும் வேணாம், வீடு, தோப்பு, தனியார் எடம்னு நெறையா குறுக்க வருது. பைக்ல போயி அங்கங்க நிப்பாட்டிப் பாருங்க. எத வச்சுக் கண்டுபிடிக்கிறது? நான் கத்துக்கிட்டது மூணு விஷயம்.

ஒன்னு மேடு. தீவு பூரா மணலு, மணல் மேடு அலை மாதிரி ஏறி எறங்கும், ரயில் மேடு அப்படி இருக்காது, அது ஒரே மட்டத்துல, ரெண்டு பக்கமும் ஒரே சரிவுல போகும். கருவேல மரம் மேட்டு மேல ஒரு மாதிரியும் பள்ளத்துல ஒரு மாதிரியும் வளந்திருக்கும், சாயங்கால வெயில்ல நெழலு விழறப்ப இது நல்லாத் தெரியும், உச்சி வெயில்ல தெரியாது.

ரெண்டாவது கல்லு. இது கொஞ்சம் நுணுக்கம். ராமேஸ்வரம் தீவுல தோண்டுனா மணலு, அதுக்குக் கீழ பவளப்பாறை, சுண்ணாம்புக்கல்லு, கருங்கல்லுன்னு ஒன்னு அங்க வெளையாது. அப்ப மணலுக்கு நடுவுல கருங்கல் ஜல்லி கெடந்தா எவனோ வெளிய இருந்து கொண்டாந்து கொட்டுனதுன்னு அர்த்தம். உடனே ரயில்வேன்னு குதிக்காதீங்க, 2017ல முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனைக்கு ரோடு போட்டாங்கள்ல, அந்த ஜல்லியும் செதறிக் கெடக்கு. ரோட்டு ஜல்லியில தாரு ஒட்டியிருக்கும், முனை கூராவே இருக்கும். ரொம்ப வருஷமாக் கெடக்குற கல்லு கையில எடுத்தா தெரியும், மணல் அடிச்சு அடிச்சு முனை மழுங்கி, ஒரு பக்கம் துருக்கறை மாதிரி செவப்பா, காஞ்ச ரத்தம் மாதிரி இருக்கும். இரும்புக்குப் பக்கத்துல கெடந்த கல்லுதான் அப்படி ஆகும்.

மூணாவது, எனக்கு ரொம்பப் புடிச்சது, தண்டவாளமே தூணா நிக்கிறது. பழைய தண்டவாளத் துண்டு சும்மா போகாது நம்ம ஊர்ல, வேலிக்காலு, கூரைக்கு உத்தரம், மாட்டக் கட்டுற கம்பம், கெணத்துக் கப்பிக்குக் காலுன்னு ஏதாவது ஒன்னா நிக்கும். இரும்ப உருட்டும்போதே கம்பெனி பேரும் வருஷமும் தண்டவாளத்தோட பக்கவாட்டுல எழுத்தா எழும்பி நிக்கும். தீவுக்குள்ள ஒரு டீக்கடையில பந்தக்காலா ஒன்னு நின்னுச்சு, பத்து தடவை பெயிண்ட் அடிச்சிருக்காங்க, கண்ணுக்கு ஒன்னும் தெரியல. கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டுட்டு, ஒரு வெள்ளப் பேப்பர அது மேல அழுத்திப் புடிச்சு பென்சில படுக்க வச்சுத் தேச்சேன், மொத ஒன்னு, அப்புறம் ஒம்போது, அதுக்கப்புறம் துரு தின்னது போக ஒரு வளைவு மட்டும். பத்தொன்பது நூத்திச் சொச்சம், அவ்ளோதான். கடைக்கார அண்ணன் எட்டிப் பாத்துட்டு "இருவது வருஷமா இதுல சாஞ்சுதான் டீ ஆத்துறேன், எழுத்து இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்"னாரு. அது தனுஷ்கோடி லைன்ல கெடந்ததா, கிளை லைன் மாத்துறப்ப கழட்டுனதான்னு தூணப் பாத்து சொல்ல முடியாது, 2007ல மானாமதுரை–ராமேஸ்வரம் மீட்டர் கேஜ அகலப் பாதையா மாத்துனப்பவும் பழைய தண்டவாளம் நெறையா கைமாறியிருக்கும். அதனால தூணக் கண்டா "இது எப்ப இருந்து இங்க நிக்குது"ன்னு வீட்டுக்காரங்ககிட்ட கட்டாயம் கேளுங்க. புயலுக்கு முந்தியா பிந்தியா, அது ஒன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது.

நடுவுல ராமேஸ்வரம் ரோடு. தனுஷ்கோடி லைன்ல ஊருக்கு வெளிய இருந்த எடம். கலாம் சின்னப் பையனா இருந்தப்ப ரெண்டாம் உலகப் போர் நேரத்துல ராமேஸ்வரத்துல ரயில் நிக்கிறத ரத்து பண்ணிட்டாங்க, பேப்பர் கட்ட இந்த ராமேஸ்வரம் ரோட்டுல ஓடுற ரயில்ல இருந்து தூக்கி வீசுவாங்க, அவரோட சொந்தக்கார அண்ணன் ஒருத்தருக்கு பேப்பர் ஏஜென்சி, கட்டப் புடிக்க ஆள் வேணும்னு கலாமச் சேத்துக்கிட்டாரு, அதுதான் அவரோட மொத சம்பாத்தியம். இந்தக் கதைய எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா மெயின் லைன் கிளை லைன் விவகாரம் தெரிஞ்சு கேட்டாத்தான் அது எந்த எடத்துல நடந்துச்சுன்னு வெளங்கும். பேய்க்கரும்புல அவரு நினைவிடத்துக்குப் போறவங்க இதையும் யோசிச்சுட்டு வாங்க.

இனி தனுஷ்கோடி. கோதண்டராமர் கோயில் பிரிவத் தாண்டி, முகுந்தராயர் சத்திரம் தாண்டி, ரெண்டு பக்கமும் கடல். மீன்புடிக்கிறவங்க வடக்க இருக்குறத பெண் கடல்னும் தெக்க இருக்குறத ஆண் கடல்னும் சொல்லுவாங்க, அமைதிக்கும் ஆக்ரோஷத்துக்கும் வச்ச பேரு. ஒன்னு கொளம் மாதிரி கெடக்குறப்பவே இன்னொன்னு எகிறிக்கிட்டிருக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஒல்லி மணல் பட்டையில அரை நூற்றாண்டு ரயில் ஓட்டியிருக்காங்க.

இடிபாட்டுல போயி நின்னா எது ரயில்வே கட்டடம், எது போஸ்ட் ஆபீஸ், எது வீடுன்னு கொழப்பமா இருக்கும். சர்ச்ச முதல் அடையாளமா வச்சுக்கங்க, அதோட செவுரு பூரா பவளக்கல்லு, கிட்டப் போயிப் பாத்தா கல்லுக்குள்ள தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். அந்தப் பவளத்துண்ட ஞாபகத்துக்குன்னு பையில போட்டுக்காதீங்க, செத்த பவளமா இருந்தாலும் வனத்துறை சட்டத்துல குத்தம். ரயிலோட சம்பந்தப்பட்டதுல நல்லாத் தெரியுறது தண்ணித் தொட்டியோட மிச்சம். ஏன் அவ்ளோ கெட்டியாக் கட்டுனாங்கன்னா, ஸ்டீம் இஞ்சினுக்கு நல்ல தண்ணி வேணும், உப்புத்தண்ணிய ஊத்துனா பாய்லருக்குள்ள பொருக்குக் கட்டி இஞ்சினே வீணாப் போயிரும். சுத்திலும் கடல் இருக்குற எடத்துல இஞ்சினுக்கு நல்ல தண்ணிக்குப் பட்ட பாடு அது. அங்க குடியிருக்குற மீனவக் குடும்பங்க இன்னைக்கும் மணலக் கையால தோண்டி ஊத்துத் தண்ணி எடுக்குறதப் பாக்கலாம், நாலடி ஆழத்துல இனிப்பான தண்ணி, இன்னும் ரெண்டடி தோண்டுனா உப்பு.

மணல் வெலகுற சமயத்துல தண்டவாளத் துண்டு சிலது வெளிய தெரிஞ்சதுண்டு, அடுத்த தடவ போனா இருக்காது. கப்பல் துறை இருந்த எடத்தத் தேடி அலையாதீங்க, அத கடல் எடுத்துக்கிச்சு. அங்க இர்வின், கோஷன்னு ரெண்டு நீராவிக் கப்பல் ஓடுச்சு, அதுக்கு முந்தி கர்சன், எல்ஜின், ஹார்டிங்னு மூணு, எல்லாம் வைஸ்ராய், கவர்னர் பேரு. இன்னொரு சங்கதி, இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், அந்தப் பக்கம் சிலோன்ல அஞ்சரை அடி அகலப் பாதை. அதனால கடலுக்கு மேல பாலமே போட்டிருந்தாலும் நம்ம பெட்டி அங்கிட்டு ஓடியிருக்காது, சாமானெல்லாம் எறக்கித்தான் ஏத்தணும்.

புயலப் பத்தி. இதத்தான் எல்லாரும் கேப்பாங்க, இதுலதான் எல்லாரும் தப்பாவும் சொல்லுவாங்க. "போட் மெயில் கடலுக்குள்ள போச்சு"ம்பாங்க. போட் மெயில் இல்லங்க. போனது 653-ம் நம்பர் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். 1964 டிசம்பர் 22 ராத்திரி 11.55க்கு பாம்பன விட்டுச்சு, 110 பயணிகளும் 5 ஊழியர்களும்னு கணக்கு, டிக்கெட் எடுக்காம ஏறுனவங்கள யாரு எண்ணுனா. தனுஷ்கோடிக்குக் கொஞ்ச தூரம் இருக்கறப்ப சிக்னல் எரியல, டிரைவர் நின்னு பாத்துட்டு நீளமா விசில் அடிச்சுட்டு மெதுவா எடுத்தாருன்னு சொல்றாங்க. அலை மொத்தமா தூக்கிட்டுப் போச்சு, ஒருத்தரும் தப்பல. அதுக்குள்ள 23 பொறந்திருச்சு. செய்தி வெளிய வரவே ரெண்டு நாள் ஆச்சு, கம்பி எல்லாம் அறுந்து போச்சு, பாலமும் இல்ல, யாரு போயி சொல்றது. அதுக்கப்புறம் தனுஷ்கோடி மனுஷன் வாழத் தகுதியில்லாத எடம்னு அரசாங்கம் அறிவிச்சுச்சு, பாலத்த 46 நாள்ல சரி பண்ணவங்க பாம்பன்–தனுஷ்கோடி லைன மட்டும் தொடவே இல்ல. கிளை மெயின் ஆனது அப்பத்தான். 2019ல ராமேஸ்வரம்–தனுஷ்கோடிக்குப் புதுசா லைன் போடுறதா அடிக்கல் நாட்டுனாங்க, தண்டவாளம் வரல. எனக்கு அதுல வருத்தம் இல்ல, அந்த மணல் பட்டையில மறுபடி ரயில் விடணும்னு சொல்றவங்க ஒரு ஐப்பசி மாசம் அங்க ஒரு ராத்திரி தங்கிப் பாக்கட்டும்.

பெருசுங்ககிட்ட பேசுறதுக்கு ஒரு முறை இருக்கு. போன ஒடனே போன நீட்டி "தாத்தா, புயல் அன்னைக்கு என்ன ஆச்சு"ன்னு கேக்காதீங்க. அத அவங்க டிவிக்காரங்களுக்கு நூறு தடவை சொல்லியாச்சு, அதே நாலு வரிதான் வரும், சில பேருக்கு கண்ணு கலங்கி அதோட பேச்சு நின்னுரும். நான் கரைவலை இழுக்குற ஒரு பெரியவர்கிட்ட மொத அப்படித்தான் கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. கொஞ்ச நேரம் அவரு கூடவே கயித்தப் புடிச்சு இழுத்தேன், கையெல்லாம் எரியுது, அப்புறம் "அய்யா, ரயில்ல எதுக்குப் போவீங்க"ன்னு கேட்டேன்.

"எதுக்கா? சினிமா பாக்க."

"எங்க?"

"பாம்பனுக்கு ஏறிப் போவோம். டிக்கெட்டா? கார்டு எங்க மாமன்டா."

அப்புறம் நிறுத்தவே இல்ல. மீன் கூடைய எந்தப் பெட்டியில ஏத்துவாங்க, கஸ்டம்ஸ்காரன் எந்தப் பக்கம் நிப்பான், சிலோன்ல இருந்து வர்ற சாரத்தயும் சோப்பையும் அவன் கண்ணுல மண்ணத் தூவி எப்படிக் கொண்டு வருவாங்கன்னு ஒன்னு விடாம வந்துச்சு. வருஷம் கேட்டா சொல்லத் தெரியாது, "புயலுக்கு மூணு வருஷம் முந்தி", "ரோட்டுப் பாலம் தெறந்தப்ப", "இந்திராவ சுட்ட வருஷம்" இப்படித்தான் வரும், அத நீங்க 1961, 1988, 1984ன்னு மாத்தி எழுதிக்கங்க. கேட்டது கேட்டபடியே எழுதுங்க, அவரு சொன்னது காகிதத்துல இருக்குறதோட ஒத்து வரலன்னா ரெண்டையும் வச்சுக்கங்க, அங்கயே நின்னு அவரத் திருத்தாதீங்க.

பெருசுங்க பேச்சுல இன்னொரு கூட்டமும் வரும், சிலோன்ல இருந்து திரும்பி வந்தவங்க. 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5 லட்சத்து 25 ஆயிரம் பேர இந்தியா ஏத்துக்கும்னு கையெழுத்து ஆச்சு. அந்த சனம் எந்த வழியாப் போச்சோ அந்த வழியாவே திரும்பணும். ரெண்டு மாசங்கூட ஆகல, டிசம்பர்ல தனுஷ்கோடியே இல்ல. அதனால தலைமன்னார்ல இருந்து கப்பல ராமேஸ்வரத்துக்கே விட்டாங்க, ராமானுஜம்னு பேரு, 1980கள்ல சண்ட முத்துனப்ப அதுவும் நின்னுச்சு. தோட்டத்துல ரெண்டு மூணு தலைமுறை இருந்துட்டு வந்து எறங்குனவங்களுக்கு மொத தங்கல் மண்டபம் கேம்ப். எங்க அப்பத்தாவோட சித்தி குடும்பம் அப்படித்தான் வந்துச்சு, ஒரு தகரப் பெட்டி, அதுக்குள்ள தேயிலத் தூளு, ஒரு கம்பளி. உச்சிப்புளி வெயிலுக்கு அந்தக் கம்பளி எதுக்குன்னு அப்பத்தா சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிக்கும்.

அக்கரையில என்ன ஆச்சுன்னா, தலைமன்னார் லைனும் சண்டையில 1990ல நின்னு போச்சு, அப்புறம் இந்திய ரயில்வேயோட இர்கான் கம்பெனிதான் போயி திரும்பப் போட்டுச்சு, 2015 மார்ச்ல தலைமன்னார் வரைக்கும் மறுபடி ரயில் வந்துருச்சு. அவங்க பக்கம் கடல் வரைக்கும் தண்டவாளம் இருக்கு.

அரிச்சல்முனையில போன பாத்துக்கங்க, சில நேரம் இலங்கை டவர் சிக்னல் புடிச்சு "வெல்கம்"னு மெசேஜ் வரும், ரோமிங்க ஆஃப் பண்ணி வச்சிருங்க, என் மச்சானுக்கு ஒரு நாளுக்கு வந்த பில்லு இன்னைக்கும் வீட்டுல பேச்சு. இருட்டுறதுக்குள்ள போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பிருவாங்க, அவங்களோட வாக்குவாதம் வேணாம். ராமேஸ்வரம் வந்து திரும்புற ரயில்ல ஏறுறப்ப எடது பக்க ஜன்னல் சீட்டு புடிங்க. பாம்பன் ஸ்டேஷனுக்குள்ள ரயில் நுழையுற நேரத்துல எடது பக்கம் எட்டிப் பாருங்க, அங்கதான் அந்த தனுஷ்கோடி லைன் வந்து சேந்துச்சு.